ஒரு பாடத்துக்கு ஏழு நாள் பாத்திரம்

எங்கள் பட்டறையில் யாராவது பணத்தைப் பற்றி எழுதினால் அந்தப் பதிவு அழிக்கப்பட்டுவிடும். பட்டறை என்றதும் சுத்தியலும் உலையும் என்று நினைக்க வேண்டாம். பொழுதுபோக்குக்காகக் கணினி விளையாட்டு செய்கிறவர்கள் இணையத்தில் கூடுகிற இடம் அது. பெயர் பொம்மைப் பட்டறை. உறுப்பினர்கள் நானூற்றுச் சொச்சம் பேர். அதில் பாதிப் பேர் எதையும் முடித்ததே இல்லை. ஒரு பன்றி ஓடும், ஒரு பந்து குதிக்கும், அத்தோடு ஆளைக் காணோம்.

ஏதாவது தெரியவில்லை என்றால் 'பாடம் வேண்டும்' என்ற பகுதியில் கேட்கலாம். தெரிந்தவர் பாடம் எழுதித் தருவார். முன்பு ஒருவர் இதற்குப் பணம் வாங்கிக்கொண்டு பாதிப் பாடத்தோடு மறைந்துவிட்டார். அப்போது நடந்த சண்டையில் பட்டறையை நடத்துகிற கொசு அக்கா ஒரு வாரம் எல்லாவற்றையும் பூட்டிவைத்தார். 'கொசு' அவர் தனக்கு வைத்துக்கொண்ட பெயர். 'அக்கா' பயத்தில் நாங்கள் சேர்த்துக்கொண்டது.

திறந்தபோது புது விதிகள் இருந்தன. பாடத்துக்குக் கூலி உண்டு, ஆனால் பணமாகக் கிடையாது. கற்றுத் தருகிறவர் ஒரு வேலை சொல்வார். கேட்டவர் அதைத் தன் வீட்டில் தன் கையால் செய்து படம் எடுத்துப் போட வேண்டும். இன்னொன்று, தனக்கு வேண்டியதைத் தானே, தன் வாயால் கேட்க வேண்டும். 'என் நண்பனுக்கு இது தெரியவில்லையாம்' என்று கேட்டால் பாடம் கிடையாது. அப்படிக் கேட்ட முப்பத்திரண்டு பேருக்கும் நண்பனே இல்லை என்று கொசு அக்கா கண்டுபிடித்திருந்தார்.

அதன்பிறகு பட்டறையில் விசித்திரமான படங்கள் வர ஆரம்பித்தன. பந்து சுவரில் மோதித் திரும்புவது எப்படி என்ற பாடத்துக்காக ஒருவர் பதினொரு காலுறைகளின் ஓட்டைகளைத் தைத்துப் போட்டிருந்தார். பன்னிரண்டாவது காலுறை எங்கே என்று நாற்பது பேர் கேட்டிருந்தார்கள்.

அங்கே என் பெயர் 'கண்ணாடி'. கண்ணாடி போட்டிருக்கிறேன், அதனால் வைத்தேன். பேசுவது போல எழுதக் கூச்சமாக இருந்ததால் பாடப்புத்தகம் மாதிரி எழுதுவேன். 'தாங்கள் அனுப்பிய நிரலைக் கண்டேன். எட்டாவது வரியில் பிழை உள்ளது. கவலை வேண்டாம்.' இப்படி மூன்று பதில்கள் எழுதியதும் ஒருவர் 'நன்றி ஐயா' என்றார். மறுக்க வெட்கமாக இருந்தது. அடுத்த மாதத்துக்குள் நான் ஓய்வு பெற்ற அதிகாரி ஆகியிருந்தேன். எனக்கு இரண்டு பேரப்பிள்ளைகள், முழங்கால் வலி. முழங்கால் வலியை யார் சேர்த்தார்கள் என்று இன்றுவரை தெரியவில்லை. ஆறு பேர் தைலம் சொன்னார்கள்.

உண்மையில் எனக்குப் பதினேழு வயது. பள்ளியை விட்டு ஒன்றரை வருடம். பேர் கூப்பிட்டால் எழுந்து நின்று பதில் சொல்ல வேண்டும் என்ற ஒரே காரணத்துக்காக விட்டேன். பதில் தெரியும். தொண்டை வரை வந்து அங்கேயே உட்கார்ந்துகொள்ளும். டீச்சர் காத்திருப்பார், நாற்பது பேர் திரும்பிப் பார்ப்பார்கள், பதில் இன்னும் வசதியாகக் காலை நீட்டிப் படுத்துக்கொள்ளும்.

வீட்டில் அம்மா, அக்கா, அத்தான், நான். அக்காவுக்குப் பல் மருத்துவரின் கிளினிக்கில் வேலை. அத்தான் லிப்ட் மெக்கானிக். நல்ல மனிதர், ஆனால் வாய் சும்மா இருக்காது.

"என்னம்மா மௌனச்சாமி, இன்னைக்காவது வாயைத் திறப்பியா, இல்ல விரதமா?" என்பார் வேலையிலிருந்து வந்ததும். நான் சிரிப்பேன். அது எங்கள் இருவருக்கும் இடையில் ஒன்றரை வருடமாக நடந்துவந்த முழு உரையாடல்.

ஒரு நாள் சாப்பிடும்போது அவர் அம்மாவிடம் சொன்னார்: "அத்தை, எங்க ஆபீஸ்ல புகார் போன் எடுக்க ஆள் தேடுறாங்க. இவளைச் சொல்லி வெச்சிருக்கேன். அடுத்த மாசம் போய் அதுக்கடுத்த மாசம் ஒண்ணாம் தேதி சேரணும். உட்கார்ந்த வேலை. போன் அடிச்சா எடுக்கணும், அவ்ளோதான்."

"யார் போன் பண்ணுவாங்க?" என்று அக்கா கேட்டாள்.

"லிப்ட்ல மாட்டிக்கிட்டவங்கதான். கத்துவாங்க, அழுவாங்க. நாங்க போய்ச் சேர்ற வரைக்கும் இவ பேசிக்கிட்டே இருக்கணும். தைரியம் சொல்லணும்."

நான் அதைக் கற்பனை செய்து பார்த்தேன். இருட்டில் மாட்டிக்கொண்ட ஒருவர், அவருக்குத் துணையாக நான், இரண்டு பக்கமும் மூச்சுச் சத்தம் மட்டும் கேட்கிற ஒரு போன்.

"பேசினாத்தானே பேச்சு வரும். மாப்பிள்ளை சொல்றது சரி. என்னடி, போறியா?" என்றாள் அம்மா.

என் தலை ஆடியது. என்னைக் கேட்காமலே ஆடும் பழக்கம் அதற்கு உண்டு.

மறுநாள் அக்காவிடம் சொல்லிப் பார்த்தேன். "அக்கா, எனக்கு அந்த வேலை..." என்று ஆரம்பித்தேன். "பிடிச்சிருக்கா? நல்லது. நான் புதுச் செருப்பு வாங்கித் தரேன்" என்று சொல்லிவிட்டு பஸ்ஸுக்கு ஓடினாள்.

அந்த வாரம்தான் பட்டறையில் 'மேலேகீழே' என்று ஒரு புது உறுப்பினர் வந்தார்.

'வணக்கம். நான் புதுசு. என் கேம்ல லிப்ட் மேலே போகுது, நிக்க மாட்டேங்குது. கூரையைப் பிச்சிக்கிட்டு வானத்துக்குப் போயிடுச்சு. உள்ளே ஒரு யானை வேற இருக்கு. யாராவது பாடம் சொல்லிக் குடுங்க.'

சிரித்துவிட்டேன். உடனே பதில் எழுதினேன். 'நிறுத்து என்று தாங்கள் சொல்லாதவரை லிப்ட் போய்க்கொண்டேதான் இருக்கும். அதற்கு மாடி என்றால் என்னவென்றே தெரியாது. பாடம் தருகிறேன். கூலி: ஏழு நாள், தங்கள் வீட்டுப் பாத்திரங்கள் அனைத்தையும் தாங்களே தேய்க்க வேண்டும்.'

முதல் பாடத்துக்கு எல்லோரிடமும் நான் கேட்கும் கூலி அதுதான். எங்கள் வீட்டில் அது என் வேலை. எங்கேயோ ஒருவர் எனக்குப் பதிலாகக் கை சுருங்க நிற்கிறார் என்று நினைத்துக்கொண்டால் தேய்ப்பது கொஞ்சம் சுலபமாகும்.

இவர் யார் என்று எனக்குச் சந்தேகமே வரவில்லை. வந்திருக்க வேண்டும். ஆனால் அத்தான் இந்த மாதிரி விளையாட்டுகளுக்குப் பரம எதிரி. யாராவது போனில் விளையாடினால் "வெட்டி வேலை" என்று சொல்லிவிட்டு, பாதுகாப்பு அறிக்கை எழுத வேண்டும் என்று லேப்டாப்போடு அறைக்குள் போய்விடுவார். கொஞ்ச நாளாக அந்த அறிக்கை முடிகிற பாடாக இல்லை.

மறுநாள் எல்லோரும் சாப்பிட்டு முடித்ததும் அத்தான் தட்டுகளை அடுக்கத் தொடங்கினார்.

"மாப்பிள்ளை, வைங்க. சின்னவ தேய்ப்பா."

"இருக்கட்டும் அத்தை. கைக்கு ஒரு எக்ஸர்சைஸ்."

அம்மா அக்காவைப் பார்த்தாள். அக்கா என்னைப் பார்த்தாள். நான் சமையலறை வாசலில் கதவுக்குப் பின்னால் போய் நின்றேன். அத்தான் தேய்த்து முடித்து, தட்டு, கிண்ணம், கரண்டி எல்லாவற்றையும் லிப்ட் உதிரி பாகம் மாதிரி அளவு வாரியாக வரிசை வைத்தார். பிறகு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்துவிட்டு, போனை எடுத்துப் படம் பிடித்தார்.

ஓடிப் போய்க் கணினி முன் உட்கார்ந்தேன். ஐந்து நிமிடத்தில் படம் வந்தது. எங்கள் தொட்டி, எங்கள் நசுங்கிய பால் சட்டி, ஓரத்தில் அம்மாவின் கால் கட்டை விரல். கீழே 'ஐயா, முதல் நாள் முடிஞ்சுது. கையெல்லாம் வழவழன்னு இருக்கு' என்று எழுதியிருந்தது.

ஒரு நல்ல பெண் அங்கேயே உண்மையைச் சொல்லியிருப்பாள். நான் எழுந்து சமையலறைக்குப் போய், குக்கரின் அடியைத் திருப்பிப் பார்த்துவிட்டு வந்து எழுதினேன்: 'நேர்த்தி. ஆயினும் குக்கரின் அடியைத் தாங்கள் மறந்துவிட்டீர்கள் என்று ஊகிக்கிறேன்.'

அறைக்கதவு திறந்தது. அத்தான் விரைவாகச் சமையலறைக்குப் போனார். தேய்க்கிற சத்தம் வெகுநேரம் கேட்டது.

"பெரிய ஆளுய்யா" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு திரும்பிப் போனார்.

நான்காம் நாள் அக்கா பொறுமை இழந்தாள். அறைக்குள் அவள் கிசுகிசுப்பது எனக்குக் கேட்டது. எங்கள் வீட்டுச் சுவர்கள் பேருக்குத்தான்.

"உண்மையைச் சொல்லுங்க. வேலை போயிடுச்சா?"

"ஏம்மா இப்படிக் கேக்குற?"

"தானா போய் பாத்திரம் தேய்க்கிறீங்க. அதைப் போட்டோ வேற எடுக்கிறீங்க. மனுஷன் எப்போ அப்படிப் பண்ணுவான்?"

"சுத்தம் புடிக்கும்மா எனக்கு."

"உங்களுக்கா? ஈரத் துண்டைக் கட்டில்ல போடுற உங்களுக்கா?"

முதல் பாடம் முடிந்தது. லிப்ட் நின்றது. யானை இறங்கியது. அவர் பட்டறையில் அதைப் போட்டபோது முப்பது பேர் கைதட்டினார்கள். அவர் அன்று மாலை வீட்டில் விசில் அடித்துக்கொண்டே சுற்றினார். ஏன் என்று ஒருவருக்கும் சொல்ல முடியாமல் தவித்தது எனக்கு மட்டும் தெரிந்தது. கொஞ்சம் பாவமாக இருந்தது. கொஞ்சம்தான்.

இரண்டாவது பாடம் கேட்டார். மூன்று மாடியிலிருந்து ஒரே நேரத்தில் பொத்தானை அழுத்தினால் லிப்ட் யாரிடம் முதலில் போவது? இதை நிஜ லிப்டில் அவர் தினமும் பழுது பார்க்கிறார். ஆனால் கணினிக்கு எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. நான் வரிசை வைப்பது பற்றி எழுத ஒப்புக்கொண்டேன். கூலியை யோசித்தேன். அக்கா வேலையிலிருந்து வந்து பேச ஆரம்பித்தால் அத்தான் 'ம்' போட்டுக்கொண்டே எழுந்து போய்விடுவது வழக்கம்.

'கூலி: ஏழு நாள், தங்கள் துணைவியாரிடம் அன்றைய வேலை எப்படி இருந்தது என்று கேட்க வேண்டும். அவர் முடிக்கும்வரை குறுக்கே பேசக் கூடாது. எழுந்து போகவும் கூடாது. இதற்குப் படம் வேண்டாம், தங்கள் சொல்லை நம்புகிறேன்.'

அன்று மாலை அக்கா செருப்பைக் கழற்றுவதற்குள் அத்தான் எதிரே நாற்காலியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்.

"இன்னைக்கு வேலை எப்படி இருந்துச்சு?"

அக்கா ஒற்றைச் செருப்போடு நின்றாள். "ஏன்?"

"சும்மாதான். சொல்லு."

அவள் சொன்னாள். முதலில் சந்தேகத்தோடு, பிறகு வேகமாக. அவர்கள் கிளினிக்கில் ஒரு பெரியவர், கழுவி வைத்திருந்த இன்னொருவருடைய பல் செட்டை எடுத்து மாட்டிக்கொண்டு போய்விட்டாராம். 'எனக்கு இதுதான் நல்லா இருக்கு' என்று திருப்பித் தர மறுக்கிறாராம். பல்லைப் பறிகொடுத்தவர் வாசலில் உட்கார்ந்திருக்கிறாராம். அத்தான் அசையாமல் கேட்டார். ஒரே ஒரு முறை எழப் பார்த்து, ஏதோ நினைவு வந்தவராக மறுபடி உட்கார்ந்தார்.

அன்று அக்கா அம்மாவிடம் சமையலறையில் சொன்னாள், குரல் உடைந்துபோய்: "வேலை போகலைம்மா. எனக்குப் புரிஞ்சுபோச்சு. டாக்டர் ஏதோ சொல்லியிருக்கார். உடம்புக்கு ஏதோ வந்திருக்கு, நமக்கு மறைக்கிறார்."

இதை நான் எதிர்பார்க்கவில்லை. அப்போதாவது நிறுத்தியிருக்கலாம். ஆனால் காலண்டரில் ஒன்றாம் தேதி நெருங்கிக்கொண்டிருந்தது. வீட்டில் இல்லாத அதிகாரம் எனக்குப் பட்டறையில் இருந்தது. அங்கே நான் சொன்னால் அத்தான் செய்தார்.

மூன்றாவது பாடம் அறைகள், சுவர்கள், கதவுகள். அவருடைய ஆட்டத்தில் மெக்கானிக் லிப்டிலிருந்து இறங்கி ஒரு வீட்டுக்குள் நடந்துபோக வேண்டுமாம். கூலியைச் சொன்னேன்: 'வீட்டில் யாருக்கேனும் தாங்கள் கேலிப் பெயர் வைத்திருந்தால் பதினைந்து நாள் அப்பெயரைச் சொல்லக் கூடாது.'

அன்று மாலை அத்தான் கதவைத் திறந்து, "என்னம்மா மௌ..." என்று ஆரம்பித்து, வாயை மூடிக்கொண்டு, சுற்றும் முற்றும் பார்த்து, "...என்னம்மா" என்று முடித்தார். நான் அறைக்குள் போய்த் தலையணையில் முகத்தை வைத்துச் சிரித்தேன்.

அந்தச் சிரிப்போடு பாடம் எழுதினதுதான் தப்பு. மாதிரிக்கு ஒரு வீட்டின் வரைபடம் தேவைப்பட்டது. கட்டம் கட்டமாகச் சுவர் வைத்து, எங்கே நடக்கலாம், எங்கே இடிக்கும் என்று காட்ட வேண்டும். நான் யோசிக்காமல் வரைந்தேன். கை தானாகப் போனது. வாசல், இடப்பக்கம் சமையலறை, நீளமான நடை, நடையின் பாதியில் சுவரிலிருந்து துருத்திக்கொண்டிருக்கிற தூண், கடைசியில் குளியலறை. அதன் கதவு வெளிப்பக்கமாகத் திறந்து வாஷிங் மெஷினில் இடித்துப் பாதியில் நிற்கும். 'கதவு முழுதும் திறக்காமல் தடுக்கப்படுவதைக் கவனிக்கவும்' என்று பெருமையாக ஒரு குறிப்பும் எழுதினேன்.

ஒன்றரை வருடமாக நான் பார்த்த ஒரே வீடு அதுதானே. வேறு வீட்டை எங்கே போய் வரைவது?

ஆனால் அத்தானின் தொழில் கட்டட வரைபடத்தை விரித்து வைத்துக்கொண்டு எது எங்கே என்று படிப்பது. பாடம் போன பத்தாவது நிமிடம் அறையிலிருந்து வெளியே வந்தார், கையில் லேப்டாப் திறந்தபடி. திரையைப் பார்த்துக்கொண்டே நடையில் மெதுவாக நடந்தார். தூணருகே நின்றார். அதைத் தொட்டார். திரையைப் பார்த்தார். குளியலறைக் கதவைத் திறந்தார். அது வாஷிங் மெஷினில் 'டொக்' என்று இடித்தது. இன்னொரு முறை திறந்தார். 'டொக்.'

என் அறைக்கதவு ஒரு விரல் அகலம் திறந்திருந்தது. அவர் என் பக்கம் திரும்பவே இல்லை. லேப்டாப்பை மூடிக்கொண்டு அறைக்குப் போய்விட்டார். அதுதான் பயமாக இருந்தது.

சிறிது நேரத்தில் தனிச்செய்தி வந்தது. 'ஐயா, பாடம் பிரமாதம். ஒரு சந்தேகம். உங்க வீட்டுல வாஷிங் மெஷின் எங்கே இருக்கு?'

'எங்கள் வீட்டில் வாஷிங் மெஷின் இல்லை' என்று எழுதினேன். அந்த நேரம் பார்த்து எங்கள் மெஷின் துவைத்து முடித்து 'பீப் பீப்' என்று கத்தியது.

'அப்படியா? என் காதுல ஏதோ சத்தம் கேட்டுச்சு. வயசாயிடுச்சு போல. உங்க முழங்கால் எப்படி இருக்கு?'

'பரவாயில்லை.'

'தைலம் வேணும்னா எங்க அத்தை வெச்சிருக்காங்க. ரெண்டாவது ஷெல்ப். நீங்களே எடுத்துக்கலாம்.'

நான் கணினியை அணைத்துவிட்டேன்.

மூன்று நாள் அவர் வீட்டில் ஒன்றும் காட்டிக்கொள்ளவில்லை. சாப்பிடும்போது மட்டும் தண்ணீரை என் பக்கம் தள்ளி, "எடுத்துக்கங்க" என்றார். அம்மா நிமிர்ந்து பார்த்தாள். "மரியாதை நல்ல விஷயம்தானே அத்தை" என்றார்.

ஒன்றாம் தேதிக்கு நான்கு நாள் இருந்தது. அக்கா புதுச் செருப்பை வாங்கி வந்துவிட்டாள். அளவு சரியாக இருந்தது, துரதிருஷ்டம். இனி மறைக்க என்ன இருக்கிறது என்று துணிந்து எழுதினேன்: 'தங்களுக்கு நான் யாரென்று தெரியும். அடுத்து எத்தனை பாடம் வேண்டுமானாலும் தருகிறேன். கூலி ஒன்றே ஒன்று. தங்கள் மச்சினியை அந்தப் போன் வேலைக்கு அனுப்ப வேண்டாம்.'

பதில் வரத் தாமதமானது. அடுத்த அறையில் அவர் ஒற்றை விரலால் தட்டுவது கேட்டது.

'ஐயா, விதி தெரியாதா? தனக்கு வேணும்கிறதைத் தானே கேக்கணும். இன்னொருத்தருக்காகக் கேக்கக் கூடாது. கண்ணாடி ஐயாவுக்கு வேலை வேண்டாம்னா சரி, அவர் ரிடையர் ஆனவர். என் மச்சினி என்கிட்ட ஒண்ணும் சொல்லலையே. போறியான்னு கேட்டப்போ தலையைத்தான் ஆட்டினா.'

'அவளால் பேச இயலாது.'

'என்னைப் பாத்திரம் தேய்க்க வெச்சவ. அவளால முடியும்.'

அதோடு தட்டுகிற சத்தம் நின்றது.

மறுநாள் இரவுச் சாப்பாடு. உருளைக்கிழங்கு, பருப்பு, சோறு. பக்கத்து அறையில் டிவி ஓடிக்கொண்டிருந்தது. அம்மா பரிமாறிக்கொண்டே, "ஒண்ணாம் தேதி காலையில எத்தனை மணிக்குக் கிளம்பணும், மாப்பிள்ளை?" என்று கேட்டாள்.

"ஏழரைக்கு" என்றார் அத்தான். என்னைப் பார்க்கவில்லை. தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஆனால் சாப்பிடவும் இல்லை. சோற்றில் கை அப்படியே நின்றிருந்தது.

பதில் தொண்டைக்கு வந்து உட்கார்ந்தது. வழக்கம்போலக் காலை நீட்டப் பார்த்தது. நான் கண்ணை மூடிக்கொண்டு, முன்னால் திரையில் எழுத்துகள் இருப்பதாக நினைத்துக்கொண்டு, ஒவ்வொன்றாகப் படித்தேன்.

"அத்தான். தாங்கள் ஏற்பாடு செய்த பணியில் எனக்கு விருப்பம் இல்லை. தொலைபேசியை நினைத்தாலே எனக்கு நடுக்கம் ஏற்படுகிறது. முன்பே தெரிவிக்காததற்கு வருந்துகிறேன்."

அம்மாவின் கரண்டி பருப்புக்குள் விழுந்தது.

"யாரு பேசினது இப்போ?" என்றாள் அக்கா.

"என்னடி இது, செய்தி வாசிக்கிற மாதிரி?" என்றாள் அம்மா.

"கேட்டாச்சு. தெளிவா கேட்டாச்சு. நாளைக்கே ஆபீஸ்ல சொல்லிடுறேன்" என்றார் அத்தான். கை மறுபடி அசைய ஆரம்பித்தது.

"என்ன மாப்பிள்ளை, நீங்களே ஏற்பாடு பண்ணிட்டு நீங்களே விட்டுக் குடுக்கிறீங்க? இவ வீட்டுக்குள்ளேயே கிடந்து என்ன பண்ணப் போறா?"

"வேலை பாக்குறா அத்தை."

"என்ன வேலை?"

அத்தான் அக்காவைப் பார்த்தார். ஒரு டம்ளர் தண்ணீர் முழுவதையும் குடித்தார். "பாடம் சொல்லிக் குடுக்கிறா. எனக்கு. இன்னும் நிறைய பேருக்கு. நான் ரெண்டு மாசமா எழுதுறது பாதுகாப்பு அறிக்கை இல்ல."

"பின்ன?"

"கேம்."

"கேமா?"

"லிப்ட்ல ஒரு யானை ஏறும்..."

அக்கா கையை உயர்த்தி நிறுத்தினாள். "உங்க உடம்புக்கு ஒண்ணும் இல்லையா?"

"இல்லையே."

"வேலை?"

"இருக்கு."

"மூணு வாரமா நான் உங்களுக்கு உப்பைக் குறைச்சு, எண்ணெயைக் குறைச்சு, ராத்திரி முழிச்சு மூச்சு வருதான்னு பாத்துக்கிட்டு..."

"அதானே! நானும் சாப்பாட்டுல என்னமோ இல்லைன்னு..."

"வாயை மூடுங்க. அந்தப் பாத்திரம் தேய்ச்சதெல்லாம்?"

"கூலி. இவ கேட்ட கூலி."

அக்கா என்னைப் பார்த்தாள். நான் உருளைக்கிழங்கைப் பார்த்தேன். அவள் குரல் தணிந்தது. "தினம் என்கிட்ட வேலை எப்படி இருந்துச்சுன்னு கேட்டீங்களே?"

டிவியில் யாரோ சிரித்தார்கள். அத்தான் காதைச் சொறிந்தார். "அதுவும் கூலிதான். ஏழு நாளைக்கு."

"ஏழு நாள் முடிஞ்சு ரெண்டு வாரமாச்சே. நேத்துகூடக் கேட்டீங்க."

"அந்தப் பல்லு மனுஷன் என்ன ஆனான்னு தெரிய வேண்டாமா? நீ நேத்துப் பாதியில விட்டுட்டுத் தூங்கிட்ட."

அக்கா கோபமாக இருக்கத்தான் முயற்சி செய்தாள். உதடு ஒத்துழைக்கவில்லை. உப்புக் கிண்ணத்தை எடுத்து அவர் தட்டருகே 'டக்'கென்று வைத்தாள். "போட்டுக்கங்க. எவ்வளவு வேணுமோ."

அம்மா மட்டும் இன்னும் சமாதானமாகவில்லை. கரண்டியைப் பருப்பிலிருந்து மீட்டு, துடைத்து, என்னை நோக்கி நீட்டினாள். "சரி. ஆறு மாசம். அதுக்குள்ள இதை வெச்சு என்ன பண்ணப் போறேன்னு எனக்குப் புரியுற மாதிரி காட்டணும். இல்லைன்னா போன்தான்."

என் தலை ஆடக் கிளம்பியது. அதைப் பிடித்து நிறுத்தினேன்.

"ஒரு வருஷம்" என்றேன்.

"என்னது?"

"ஒரு வருஷம்மா."

அம்மா அத்தானைப் பார்த்தாள். அவர் சோற்றில் உப்பைக் கலப்பதில் மும்முரமாக இருந்தார். "எட்டு மாசம்" என்றாள் அம்மா.

"பதினொண்ணு."

"பத்து. அதுக்கு மேல ஒரு நாள் கிடையாது."

"சரி, பத்து. ஆனா நான் பாடம் எழுதுறப்போ டிவி சத்தத்தைக் குறைக்கணும்."

அம்மா என்னைப் பார்த்தாள். யாரோ தெரியாத ஆள் வந்து தன் பந்தியில் உட்கார்ந்துவிட்டது போல. பிறகு முணுமுணுத்துக்கொண்டே எழுந்து பக்கத்து அறைக்குப் போனாள். டிவி சத்தம் குறைந்தது. இரண்டு புள்ளிதான் குறைத்திருப்பாள். எத்தனை புள்ளி என்று நான் முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும்.